ஹஜ் நாட்களின் நடை: ஊரிலிருந்தே தயாராக வேண்டியவை



ஹஜ்ஜுக்குப் பெயர் வந்தவர்களுக்காக நமது மாவட்டத்தின் ஜமாஅத்துகளில் நடக்கும் வகுப்புகளில் இஹ்ராம் கட்டும் முறை, தவாஃபின் துஆக்கள், எது ஃபர்ளு, எதை விட்டால் தம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் விரிவாகச் சொல்லப்படுகின்றன. அல்ஹம்துலில்லாஹ், அதில் குறையில்லை. ஆனால் போய் வந்த ஹாஜிமாரிடம் "எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: நடை. விமானப் பயணமோ சாப்பாடோ அல்ல. துல்ஹஜ் 8 முதல் 12 அல்லது 13 வரையுள்ள அந்த ஐந்தாறு நாட்களின் நடைதான் அவர்களைக் களைக்க வைத்திருக்கிறது. ஆகவே இந்த இதழில் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

முதலில் தூரக் கணக்கு. மினாவிலிருந்து அரஃபாவுக்குச் சுமார் 14 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா 8 கிலோமீட்டர் வரும். முஸ்தலிஃபாவிலிருந்து கல்லெறியும் ஜமராத்துக்கு, நாம் இரவு தங்கிய இடத்தைப் பொறுத்து 5 அல்லது 6 கிலோமீட்டர். ஜமராத்திலிருந்து ஹரம் ஷரீஃபுக்கு இன்னொரு 5, 6. தவாஃபைக் கஅபாவுக்குப் பக்கத்தில் செய்தால் ஏழு சுற்றும் சேர்ந்து ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் முடியும். நெரிசலால் மாடிக்குப் போனால் அது பல மடங்காகிவிடும். ஸஃபா மர்வா ஏழு ஓட்டம் சுமார் 3 கிலோமீட்டர். இதற்குப் பிறகு 11, 12 ஆகிய நாட்களில் கூடாரத்திலிருந்து ஜமராத்துக்குப் போய் வர வேண்டும். மினாவின் கடைக்கோடியில், முஸ்தலிஃபா எல்லையை ஒட்டிக் கூடாரம் கிடைத்தவர்களுக்கு அது ஒவ்வொரு நாளும் 6, 7 கிலோமீட்டர்.

அரஃபாவுக்குப் போகும்போது வாகனத்தில் போனாலும், மற்றதையெல்லாம் நடந்தே செய்கிறவர் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டிவிடுவார். பேருந்தும் ரயிலும் கிடைத்தவர்களுக்கும் இருபதுக்குக் குறையாது. 2010 முதல் மினா, முஸ்தலிஃபா, அரஃபா இடையே மஷாயிர் ரயில் ஓடுகிறது. ஆனால் எல்லா முகாம்களுக்கும் அது ஒதுக்கப்படுவதில்லை. ரயில் கிடைத்தாலும் நிலையத்துக்கு நடக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், இறங்கிய பின் கூடாரத்துக்கு நடக்க வேண்டும்.

நடந்தால்தான் ஹஜ் நிறைவா?

2022 ஜூனில் மலப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு இளைஞர் நடந்தே மக்காவுக்குப் புறப்பட்ட செய்தி வந்த நாளிலிருந்து, நமது பிள்ளைகள் சிலரும் "நாமும் போகலாமா" என்று கேட்கிறார்கள். ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பயணத்தின் பெரும் தடை காலோ வெயிலோ அல்ல. பாகிஸ்தான் விசா கிடைக்காமல் பஞ்சாப் எல்லையில் அவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. தரை வழியாகப் போகும் ஹஜ் என்பது இன்று கால் பலத்தைவிடக் காகிதத்தின் காரியம்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்பதும் தெளிவாகவே இருக்கிறது. இறையில்லத்துக்கு நடந்தே போவதாக நேர்ச்சை செய்த தம் சகோதரியைப் பற்றி உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அவர் நடக்கவும் செய்யட்டும், வாகனத்தில் ஏறவும் செய்யட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். இரு மகன்களின் தோளில் தொங்கியபடி நடந்து வந்த முதியவர் ஒருவரைக் கண்டபோது, இவர் தம்மையே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற பொருளில் சொல்லி, வாகனத்தில் ஏறும்படி கட்டளையிட்டார்கள். இரண்டும் புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளவை. நபியவர்கள் தங்கள் ஹஜ்ஜில் ஒட்டகத்தின் மீதே இருந்தார்கள். ஆக, நடக்க முடியாத வாப்பாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றினால் அவருடைய ஹஜ்ஜில் ஏதோ குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். சக்கர நாற்காலியை வேண்டாம் என்று அழும் உம்மாக்களிடம் மருமக்கள்தான் இதை மெதுவாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

திட்டமிடுவது தவக்குலுக்கு எதிரானது என்று சிலர் பேசுவதுண்டு. துல்ஹஜ் 8-ஆம் நாளுக்கு யவ்முத் தர்வியா என்று பெயர் வந்ததே, மினாவிலும் அரஃபாவிலும் தண்ணீர் இல்லாத அந்தக் காலத்தில் ஹாஜிகள் அன்று தண்ணீர் நிரப்பிக்கொண்டதால்தான் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கும் நீண்ட பாதையில் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் அமைய உதவிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி சுபைதா அம்மையாரின் பெயரால்தான் அந்தப் பாதையே இன்றும் அழைக்கப்படுகிறது.

விசிட் விசாவில் போகிறவர்களுக்கு

இதை வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது. நமது வீடுகளில் வளைகுடாவில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் பெற்றோரை விசிட் விசாவில் அழைத்து, அப்படியே ஹஜ்ஜும் செய்யவைத்து அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஏஜெண்டுகள் சிலரும் "எல்லாம் நடக்கும்" என்று பணம் வாங்குகிறார்கள்.

2024 ஜூனில் ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். நிழலோ ஓய்வோ இல்லாமல் நேர் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அனுமதி உள்ளவருக்குக் கூடாரம் உண்டு, குளிர்சாதனம் உண்டு, பேருந்தில் இடம் உண்டு, பெயர்ப்பட்டியலில் பெயர் உண்டு. அனுமதி இல்லாதவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. சோதனைச் சாவடிகளைத் தவிர்க்கச் சுற்றுவழியில் நடக்க வேண்டும். மயங்கி விழுந்தால் அவர் யார் என்று சொல்ல ஆள் இல்லை. அறுபது, எழுபது வயது வாப்பாவை இந்த நிலையில் நிறுத்துவது எந்த வகையில் நன்மையாகும்? பிடிபட்டால் 20,000 ரியால் வரை அபராதமும், நாடு கடத்தலும், பத்தாண்டுத் தடையும் உண்டு என்பது அதற்கு அடுத்த சங்கதி. ஹஜ் கமிட்டி வழியாகவோ, அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகவோ ஹஜ் விசாவில் மட்டும் போங்கள். இந்த வருடம் பெயர் வராவிட்டால் பொறுத்திருங்கள். வசதியும் வழியும் அமையாதவர்மீது கடமையும் இல்லை.

கால்களைப் பழக்குவது

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே நடக்கத் தொடங்க வேண்டும். சுபுஹு தொழுகை முடிந்ததும் இரண்டு கிலோமீட்டர் என ஆரம்பித்து, வாரந்தோறும் கொஞ்சம் கூட்டி, கடைசி மாதத்தில் வாரத்தில் ஒரு நாளாவது எட்டு, பத்துக் கிலோமீட்டரை இடையில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்து முடிக்கிற அளவுக்கு வர வேண்டும். அடுத்தடுத்த நாள் நடந்து பார்ப்பதும் முக்கியம். ஒரு நாள் பத்துக் கிலோமீட்டர் நடப்பவர் பலர் இருக்கிறார்கள். மறுநாள் காலை அதே காலோடு எழுந்து மீண்டும் நடப்பதுதான் மினாவில் தேவைப்படுவது. பள்ளிவாசல் படிக்கட்டையோ வீட்டு மாடிப்படியையோ ஏறி இறங்கவும் பழகுங்கள். கடற்கரை மணலில் நடப்பது நல்லதுதான், ஆனால் அங்கே இருப்பது தார்ச்சாலை; பழக்கமும் தார்ச்சாலையிலேயே இருக்கட்டும்.

நமது ஊர் நடைக்கும் மக்கா நடைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே தென்னை நிழலும் கடற்காற்றின் ஈரமும் இருப்பதால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். உடம்பிலிருந்து நீர் போகிறது என்று நமக்கே தெரியும். அங்கே காற்று உலர்ந்தது. வியர்வை வந்த உடனே காய்ந்துவிடும். உடம்பு வறண்டுகொண்டிருப்பது தெரியாமலே நடந்துகொண்டிருப்போம். "எனக்கு வியர்க்கவே இல்லை, தாகமும் இல்லை" என்று சொல்கிறவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு வாசலிலிருந்து ஆட்டோ, ஆட்டோவிலிருந்து கல்யாண மண்டபம் என்று முப்பது வருடம் வாழ்ந்த ஒரு சகோதரியை, திடீரென்று ஒரே நாளில் பதினைந்து கிலோமீட்டர் நடக்கச் சொல்வது நியாயமில்லை. வகுப்பில் துஆக்களை அழகாக மனப்பாடம் செய்திருப்பார். முட்டு அவருக்கு ஒத்துழைக்காது. காலையில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து நடப்பதை வீட்டு ஆண்கள் தடுக்காமல், கூடப் போக வேண்டும். கூடப் போனால் இன்னொரு நன்மையும் உண்டு: மனைவியின் நடை வேகம் என்ன என்று கணவருக்குத் தெரியும். அங்கே போய், கூட்டத்தில் பத்தடி முன்னால் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது ஆளைக் காணோம் என்று தவித்த கதைகளை எத்தனையோ கேட்டுவிட்டோம். கூட்டத்தில் எப்போதும் மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும்.

ஓய்வு பெற்று, பெண் மக்களைக் கட்டிக்கொடுத்து, வீடும் கட்டி முடித்த பின்தான் ஹஜ் என்று வைத்திருக்கும் நமது பழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். கடமையான பிறகு தள்ளிப்போட்டால், முட்டு தேய்ந்த பிறகுதான் போக வாய்க்கிறது.

செருப்பு, உரசல், கொப்புளம்

பயணத்துக்கு என்று உறவினர் வாங்கித் தரும் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். எந்தச் செருப்போடு அரஃபாவிலிருந்து நடக்கப் போகிறீர்களோ, அதைப் போட்டே இரண்டு மாதம் இங்கே நடந்திருக்க வேண்டும். மெல்லிய ரப்பர் செருப்பு சூடான தாரில் ஆகாது. அடி தடித்ததாக இருக்கட்டும். ஆண்களுக்கு இஹ்ராமில் விரல்களும் குதிகாலும் மூடக்கூடாது என்பதால், வாங்கிய செருப்பை உங்கள் இமாமிடம் காட்டியே கேட்டுவிடுங்கள். வாயால் விவரித்துக் கேட்பதைவிட அது நல்லது. பெண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. காலுறையும், நன்றாகப் பழகிய ஷூவும் அவர்களுக்கு நல்லது.

ஹரமில் செருப்பு தொலைவது சாதாரணம். துணிப் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஜோடி அறையில் இருக்கட்டும். மதாஃபின் வெள்ளைப் பளிங்கு நல்ல வெயிலிலும் கால் சுடாது. அதே நம்பிக்கையில் வெறுங்காலோடு வெளியே சாலையில் இறங்கிவிடாதீர்கள். குறிப்பாக, வருடக்கணக்காகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சுட்டதே தெரியாது, மாலையில் தோல் உரிந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு நாள் இரவும் இரு பாதங்களையும் விரல் இடுக்கையும் யாராவது ஒருவர் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

இஹ்ராம் உடையில் ஆண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் அவதிப்படுவது தொடை உரசல். வியர்வையும் துணியும் தோலும் உராய்ந்து, இரண்டாம் நாளே காலை அகட்டி நடக்க வேண்டிய நிலை வந்துவிடும். வாசனை இல்லாத வாஸலினை நடப்பதற்கு முன்பே தடவிக்கொண்டால் இது வராது. மணம் உள்ளது இஹ்ராமில் கூடாது. ஷாஃபி மத்ஹபில் தலைமுடியிலும் தாடியிலும் மணமில்லாத எண்ணெய்ப்பசைகூடப் படக்கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது நடப்பது, எப்போது ஏறுவது

9-ஆம் நாள் காலை மினாவிலிருந்து அரஃபாவுக்கு நடக்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை, இளைஞர்களுக்கும் கூட. ஹஜ்ஜின் உயிரே அன்று பகலில் அரஃபாவில் நிற்பதுதான். 14 கிலோமீட்டர் நடந்து களைத்து, துஆ கேட்க வேண்டிய அஸர் நேரத்தில் தூங்கிப் போவதில் என்ன பயன்? ஒதுக்கிய பேருந்திலோ ரயிலிலோ போங்கள். அங்கே கூடாரத்தை விட்டு வெயிலில் இறங்காதீர்கள். ஜபலுர் ரஹ்மா மலையில் ஏறுவது ஹஜ்ஜின் கடமை அல்ல. அரஃபா எல்லைக்குள் எங்கே இருந்தாலும் போதும்.

அன்று மஃரிபுக்குப் பிறகு முஸ்தலிஃபாவுக்குப் போகும்போது கணக்கு மாறுகிறது. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்புவதால் பேருந்துகள் நின்று நின்றுதான் நகரும். வெயிலும் இறங்கியிருக்கும். நடப்பவர்களுக்கென்றே தனிப் பாதை இருக்கிறது. உடல் திடம் உள்ளவர்கள் நடக்க ஏற்ற நேரம் இதுதான். ஆனால் குழுவில் யார் நடப்பது, யார் பேருந்தில் வருவது என்பதை அரஃபாவில் லுஹருக்கு முன்பே முடிவு செய்து, முகாம் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். பேருந்து வாசலில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் குடும்பம் பிரிந்துவிடும்.

முஸ்தலிஃபாவில் ஒரு பாயும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும். கொண்டைக்கடலை அளவில் கற்களைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். முதியோர், நோயாளிகள், பெண்கள், அவர்களுக்குத் துணையாகச் செல்வோர் ஆகியோருக்கு நள்ளிரவு கழிந்ததும் புறப்படச் சலுகை உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். 10-ஆம் நாள்தான் மிக நீளமானது. கல்லெறிதல், குர்பானி, முடி களைதல், தவாஃபுல் இஃபாளா, ஸஃயி, திரும்ப மினா என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க நினைத்து விழுந்தவர்கள் உண்டு. கல்லெறிந்த பின் கூடாரத்துக்குப் போய்த் தூங்கி, தவாஃபை அன்று இரவோ அடுத்த நாளோ செய்வதில் தவறில்லை.

2015 செப்டம்பர் 24, அந்த ஆண்டின் 10-ஆம் நாள் காலை, மினாவின் 204, 223-ஆம் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு கூட்டங்கள் மோதி, சவூதி அரசின் கணக்கில் மட்டும் 769 பேர் இறந்தார்கள். ஐந்தடுக்கு ஜமராத் பாலம் வந்த பிறகு கல்லெறியும் இடத்தில் நெரிசல் குறைந்திருந்தது. விபத்து நடந்தது அங்கே போகிற வழியில். ஆகவே முகாமுக்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டும், ஒதுக்கிய வழியில் மட்டும் போங்கள். போன வழியே திரும்பி, வருகிற கூட்டத்துக்கு எதிராக நடக்காதீர்கள். மூட்டை முடிச்சோடு போகாதீர்கள். கூட்டத்துக்குள் செருப்போ போனோ விழுந்தால் போகட்டும், குனியாதீர்கள். எறியவே இயலாதவருக்காக இன்னொருவர் எறிய மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது.

தண்ணீர், மாத்திரை, குடை

வெளிர் நிறக் குடை ஒன்று அவசியம். இஹ்ராமில் ஆண்கள் தொப்பி போடத்தான் கூடாது, குடை பிடிக்கலாம். நபியவர்களுக்கே ஹஜ்ஜில் தோழர் ஒருவர் துணியை உயர்த்திப் பிடித்து நிழல் தந்தார் என்பது முஸ்லிமில் வருகிறது.

தாகம் வரும் வரை காத்திராமல், நடக்கும்போது கால் மணிக்கு ஒரு முறை சில மிடறு குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் உப்பு குறைந்து தலை சுற்றும். ஓஆர்எஸ் பொட்டலங்களை இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள். அது தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் உடம்பு வறண்டிருக்கிறது என்று பொருள். கழிப்பறை வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்களிடம் அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் நீண்ட நேரம் நடந்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். பேரீச்சம்பழமோ குளுக்கோஸோ சட்டென எடுக்கும்படி இடுப்புப் பையில் இருக்கட்டும். இன்சுலின் வெயிலில் கெட்டுவிடும். குளிர்ச்சியாக வைக்கும் பையை இங்கேயே வாங்குங்கள். ரத்த அழுத்தத்துக்கு, சிறுநீர் அதிகம் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த ஐந்து நாட்களுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

வெயிலில் நடந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால் அது சாதாரணக் களைப்பு அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மக்கா பகுதியில் அவசர அழைப்பு எண் 911, ஆம்புலன்ஸுக்கு 997.

வழி தவறினால்

1997-இல் மினாவில் ஏற்பட்ட பெரும் தீ விபத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட தீப்பிடிக்காத வெள்ளைக் கூடாரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். படித்தவரும் வழி தவறுவார். போய்ச் சேர்ந்த உடனே, களைப்பாக இருந்தாலும், முகாம் எண்ணையும் அருகிலுள்ள கம்பத்தின் எண்ணையும் போனில் படம் எடுங்கள். போன் அணைந்துபோகும் என்பதால் காகிதத்திலும் எழுதுங்கள். நுசுக் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவே கூடாது. ஹஜ் சுவிதா செயலியைப் புறப்படும் முன்பே போனில் ஏற்றி, பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உம்மாக்களுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: வழி தவறினால் அலையாமல் நிழலில் உட்கார்ந்து, சீருடை அணிந்தவரிடம் கழுத்து அட்டையைக் காட்ட வேண்டும்.

பெயர், வயது, நோய், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, கூட வருபவரின் எண், ஊரில் உள்ளவரின் எண் ஆகியவற்றை அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, உறையிட்ட சிறு அட்டையாக நமது அறக்கட்டளை அலுவலகத்தில் இலவசமாகத் தயாரித்துத் தருகிறோம். மருத்துவரின் சீட்டையும் பாஸ்போர்ட் நகலையும் எடுத்துக்கொண்டு, வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு வாருங்கள். முதியோரை அலைக்கழிக்க வேண்டாம். பிள்ளைகள் வந்தாலே போதும்.